பித்தில்லாத ஈரல்

ஆத்தூர்
16.1.2025

மரியே வாழ்க.

அன்புள்ள வியாகுலம் அக்காவுக்குத் தம்பி பாக்கியராஜ் எழுதுவது. இங்கே நான், ஜோஸ்பின், ஐரின் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மடத்தில் உங்களுக்கு வேறு பெயர் வைத்து முப்பது வருஷம் ஆனாலும் எனக்கு நீங்கள் வியாகுலம் அக்காதான். மதர் கோபித்துக்கொண்டால் என்மேல் பழியைப் போடுங்கள். அடைபட்ட மடம், போன் கிடையாது, வருஷத்துக்கு ஒரு தரம் கம்பிக்கு அந்தப் பக்கம் உங்கள் முகம். ஊரே செல்போனில் பேசும்போது நான் ஒருவன்தான் இந்த ஊர்த் தபால்காரருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கல் எப்படி என்று கேட்பீர்கள். எங்களுக்கு இல்லை, மானுக்குப் பொங்கல். பறிக்கிற பதத்துக்கு வந்த மொச்சையை மூன்றே இரவில் மொட்டையடித்துவிட்டது. பதினான்கு உருப்படி. நானே எண்ணினேன். மலையடிவாரத்து ஓடை வழியாக இறங்கி, பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துவின் சம்பங்கியை மிதிக்காமல் மரியாதையாக வரப்பில் நடந்து, நேரே நம் மொச்சைக்கு வருகிறது. சம்பங்கி அதற்குப் பிடிக்காது போல.

நாச்சிமுத்துவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் கிணற்றிலிருந்து புதனும் சனியும் அவனுக்குத் தண்ணீர் விடுகிறேன். அந்தத் தண்ணீரில்தான் அவன் பூ நிற்கிறது. அவனும் அவன் மனைவி சண்முகவள்ளியும் வாய்க்கு வாய் என்னை அண்ணே என்பார்கள்.

31ஆம் தேதி கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். சங்கச் செயலாளர் என்ற முறையில் வனத்துறைக்காரர்களைக் கேள்வி கேட்கப் போகிறேன். ஐரின் டைப் அடித்துத் தருகிறாள். எனக்கு நாக்கு குழறாமல் இருக்க ஒரு மணி செபமாலை சொல்லுங்கள்.

உங்கள் ஆசீரை வேண்டும்
பாக்கியராஜ்

~

27.1.2025

சேசு, மரி, சூசை துணை.

அன்புத் தம்பி பாக்கியராஜுக்கு, சுகமே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் எனக்கும் ஒத்துப்போய்விட்டது. ஜோஸ்பினுக்கும் என் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் நாக்குக்காக நான் செபிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரையே கேள்வி கேட்டு அடி வாங்கியவன் நீ. அது அடங்குவதற்கு வேண்டுமானால் செபிக்கிறேன்.

மான் என்று நீ எழுதியதும் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. சூசைமுத்து என்றால் அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த துப்பாக்கி. விடியுமுன் பின்கொட்டிலில் மானை உரித்துப் போடுவார். நான் ஈரலைக் கழுவுவேன். நீ அப்போது கைக்குழந்தை. "ஆட்டுக்குப் பித்து இருக்கும், உடைஞ்சா கறியெல்லாம் கசந்துரும். மானுக்குப் பித்தே கிடையாது. அதான் அதுக்குக் கோவமே வாறதில்ல" என்பார். அப்படியே எடுத்துச் சட்டியில் போடலாம். அந்தக் கறியை நான் ருசித்துத் தின்றிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று பிறகு ஒரு நாள் எழுதுகிறேன்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். மார்ச் 5 சாம்பல் புதன். அதிலிருந்து உயிர்ப்புத் திருநாள் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவோ படிக்கவோ அனுமதியில்லை. வருகிற தபாலெல்லாம் மதரின் மேசை இழுப்பறையில் தூங்கும். கூட்டத்துச் செய்தியை அதற்குள் எழுதிவிடு.

செபத்தில் உன்னை மறவாத
அக்கா

~

ஆத்தூர்
2.2.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலம். எனக்குக் கொஞ்சம் கூடுதல் நலம். காரணம் கேளுங்கள்.

கூட்டத்தில் முப்பது பேர் மனு கொடுத்தார்கள். என் முறை வந்தது. பக்கத்தில் நாச்சிமுத்து. எதிரே மேசையில் அதிகாரிகள், அவர்களில் நம் பகுதி ரேஞ்சரும் ஒருவர். சின்ன வயசு, சாந்தமான முகம். நான் மைக்கை வாங்கினேன்.

"ஐயா, ராத்திரி என் தோட்டத்துக்குள்ள வாறது என் மானா, உங்க மானா?"

"அரசாங்கத்து மான்" என்றார்.

"அது தின்ன மொச்சை?"

"உங்க மொச்சை. இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்க, ஆள் வந்து பார்த்து எழுதுவாங்க."

"போன வருசம் குடுத்தேன். ஆள் வாறதுக்குள்ள செடி காஞ்சு, அதுக்குப் பெறகு மழை பேஞ்சு, புல்லே மொளச்சிருச்சு. சரி, காட்டுப்பன்னியச் சுட ஆணை போட்டிருக்கீங்கள்ல? மானுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? அது மொகம் அழகா இருக்குன்னா?"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கலெக்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். ரேஞ்சர் சிரிக்கவில்லை. "பன்னியையும் நீங்க சுட முடியாதுங்கய்யா. எங்க ஆளுங்கதான். அதுவும் காட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்தாத்தான். உங்க தோட்டம் காட்டுக்கு அரை கிலோமீட்டர். மான் விசயம் நானோ கலெக்டரோ முடிவு பண்ற சட்டம் இல்ல" என்றார்.

பின்வரிசையிலிருந்து கஸ்பார், நம் கோயில் உபதேசியார், எழுந்து, "பன்னிக்கு வச்ச சுருக்குல தெரியாம மான் மாட்டிக்கிட்டா என்ன செய்ய?" என்றார்.

"சுருக்கு வைக்கிறதே தப்பு. ஆனா எது மாட்டினாலும் ஒடனே என்னக் கூப்பிடுங்க. ஒரு மணி நேரத்துல வந்து அவுத்து விட்டுருவோம். கூப்பிட்டவங்க மேல கேஸ் போட மாட்டேன்." தன் நம்பரை எல்லோருக்கும் சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில் "மான் அழகாக இருப்பதால் சலுகையா? விவசாயி கேள்வி" என்று என் படத்தோடு வந்துவிட்டது. செம்பட்டி டீக்கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

ஆனால் அக்கா, ஊர் திரும்பியபோது மிச்சமிருந்த மொச்சையையும் தின்றுவிட்டுப் போயிருந்தன. கைதட்டல் வாங்கிய கையோடு வரப்பில் நின்றேன். சரி, அது கிடக்கட்டும்.

உங்கள் தம்பி
பாக்கியராஜ்

~

ஆத்தூர்
24.2.2025

என் செல்ல அத்தைக்கு ஐரின் முத்தங்களுடன் எழுதுவது.

நலமா? தவக்காலம் வருவதற்குள் உங்களைப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். பி.எட். பயிற்சிக்கு ஆத்தூர்ப் பள்ளியிலேயே போட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை "மான் டீச்சர்" என்கிறார்கள். எல்லாம் உங்கள் தம்பி செய்த வேலை. பேப்பர் துண்டை லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அம்மா அதை அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி வைக்கிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. சாம்பல் புதன் வந்துவிட்டால் நாற்பது நாள் கறி கிடையாதே! அப்பா விடிகாலையிலேயே பை நிறையக் கறி கொண்டு வந்தார். செம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆடு அடித்துக் கூறு போட்டார்களாம், ஈரல் முழுசாக இவருக்குக் கிடைத்ததாம். அம்மா பித்தை எடுக்க ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லவே இல்லை! "அங்ஙனயே எடுத்துட்டாங்கடி" என்றார் அப்பா. "எடுத்த தடத்தக்கூடக் காணோமே" என்று அம்மா அதிசயப்பட்டாள். பித்தே இல்லாத ஆடு, கொடுத்து வைத்த ஆடு. கறியில் கொழுப்பும் இல்லை, மெத்தென்று இருந்தது. நாச்சிமுத்து மாமா வீட்டுக்கும் அப்பா ஒரு பங்கு கொடுத்து அனுப்பினார். அப்பா மட்டும் வயிறு சரியில்லை என்று ரசம் சோற்றோடு எழுந்துவிட்டார். பாவம்.

எனக்காகச் செபியுங்கள். தேர்வு மே மாதம்.

உங்கள் ஐரின்

~

ஆத்தூர்
27.2.2025

மரியே வாழ்க.

அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது. ஜோஸ்பினுக்கு லேசாகச் சளி. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நாச்சிமுத்துவைச் செவ்வாய்க்கிழமை வனத்துறை ஆட்கள் விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ஏதோ மான் தோல் விவகாரம். ஓடைக்கரையில், அவன் தோட்டத்து ஓரம் கிடந்ததாம். சரியான விவரம் எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்காகச் செபியுங்கள்.

மற்றபடி எல்லோரும் சுகம்.

பாக்கியராஜ்

~

4.3.2025

சேசு, மரி, சூசை துணை.

அன்புத் தம்பிக்கு, இங்கே சுகமே.

நாளை சாம்பல் புதன். இன்று மாலை மணி அடித்ததும் பேனாவை மூடிவிட வேண்டும். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடிதமும் ஐரின் கடிதமும் என் முன்னால் இருக்கின்றன. குழந்தை கறிச்சோற்றைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஈரலில் பித்து இருந்ததா?

பதில் எழுது. உயிர்ப்புத் திருநாள் வரை நான் அதைப் படிக்க முடியாது. ஆனாலும் எழுது.

அக்கா

~

ஆத்தூர்
22.3.2025

மரியே வாழ்க.

அக்காவுக்கு, நலம் என்று கை தானாக எழுதப் போனது. நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முதலில் கோபம்தான் வந்தது. ஒரு ஈரலை வைத்துக்கொண்டு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா? உங்களுக்கென்ன, வேளைக்குச் சோறு, நேரத்துக்குச் செபம். மான் தின்று போன தோட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். இப்படியெல்லாம் ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் எப்படியும் படிக்கப் போவதில்லை என்ற தைரியம்.

நாச்சிமுத்துவை விடவில்லை. ரிமாண்ட் செய்துவிட்டார்கள். நாய்கள் இழுத்துப் போட்ட தோலும் தலையும் அவன் தோட்டத்து ஓரத்தில் கிடந்தன. வீட்டில் கயிற்றில் உப்புக்கண்டம் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் போய்ப் பரிசோதித்துவிட்டார்கள். மான்தான். ஏது என்று கேட்டதற்கு "வழியில ஒருத்தன் வித்தான், வாங்கினேன்" என்று சொன்னானாம். என் பெயரைச் சொல்லவில்லை.

போன வாரம் சண்முகவள்ளி வீட்டுக்கு வந்தாள். கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டுமாம். "நீங்க செயலாளருண்ணே. உங்க எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு. அவரு மான் கிட்டக்கூடப் போக மாட்டாருன்னு எழுதுங்க." ஐரின் டைப் அடித்தாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். "மேற்படி நாச்சிமுத்து நிரபராதி என்பதை நான் நன்கு அறிவேன்" என்று சொன்னேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். நான் வாழ்நாளில் எழுதிய மனுக்களிலேயே முழு உண்மை அது ஒன்றுதான்.

அவள் கும்பிட்டாள். அடுப்படியில் ஜோஸ்பின் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

புதனும் சனியும் அவன் சம்பங்கிக்கு நானே தண்ணீர் பாய்ச்சுகிறேன். ஊரில் என்னைப் பெரிய மனிதன் என்கிறார்கள்.

பாக்கியராஜ்

~

ஆத்தூர்
பெரிய வெள்ளி, 18.4.2025

அக்காவுக்கு,

பித்து இல்லை.

சுருக்கை நான்தான் வைத்தேன். பன்றிக்கு வைத்ததில் மான் மாட்டிக்கொண்டது என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். மானுக்குத்தான் வைத்தேன். கூட்டத்தில் அம்புட்டுப் பேர் கைதட்டி, பேப்பரில் படம் வந்து, ஒரு மானைக்கூட என்னால் தடுக்க முடியவில்லை என்ற ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் போனபோது ஒரு பெட்டை மான், பின்கால் மாட்டி, நின்றுகொண்டிருந்தது. உயிரோடு இருந்தது அக்கா. ரேஞ்சர் நம்பர் என் போனில் இருந்தது. போனும் கையில் இருந்தது. வந்து அவிழ்த்துவிடுவார்கள், கேஸ் கிடையாது என்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆனால் போன் செய்தால் என்ன ஆகும்? "மானுக்குச் சலுகையா என்று கேட்டவரே மானைக் காப்பாற்றக் கூப்பிட்டார்" என்று ரேஞ்சர் சொல்வார், டீக்கடை சிரிக்கும். அதற்காகத்தான். வேறு காரணமே இல்லை.

தோலையும் தலையையும் ஓடைக்கரையில் நாச்சிமுத்துவின் பக்கம் புதைத்தேன். தண்ணீர் பாய்ந்து மண் இளகியிருந்தது, தோண்ட லேசாக இருந்தது என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பக்கமும் மண் இளகித்தான் இருந்தது. கறி கொடுத்தேனே, அதுவும் நல்ல மனசில் இல்லை. அவன் அன்றைக்கு விடிகாலையில் தோட்டத்தில் என்னைப் பையோடு பார்த்துவிட்டான். அதனால் கொடுத்தேன்.

போன திங்கள் அவனைச் சிறையில் பார்க்கப் போனேன். தாடி வளர்ந்திருந்தது. நான் ஆரம்பிக்குமுன் அவனே மெதுவாகச் சொன்னான்: "வாயில வச்சதுமே தெரிஞ்சு போச்சுண்ணே. ஆட்டுக்கறிக்கும் மான்கறிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?"

"அப்பறம் ஏண்டா என் பேரச் சொல்லல?"

என்னைப் பார்த்தான். நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? அண்ணன் மேல் உள்ள பாசத்தில் என்று சொல்வான் என்று. "உங்க கெணத்துத் தண்ணியிலதானண்ணே என் பூவு நிக்குது. உங்களச் சொல்லிட்டு நான் எங்க போயி வாழ?" என்றான்.

தவக்காலப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். பொய் சொன்னேன், இரண்டு தரம் என்று மட்டும் சாமியாரிடம் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரத்தைப் பரிகாரமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று பெரிய வியாழன். கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்கு வழக்கம்போலப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். கஸ்பார் வரிசையாக உட்கார வைத்தார். சாமியார் முட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு ஒவ்வொருவராக வந்தார். என்னிடம் வந்தபோது காலை இழுத்துக்கொண்டேன். "என்னப்பா, கூச்சமா?" என்று சிரித்தார். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சினேனே, அந்தத் தோட்டத்துச் சேறு நகக்கண்ணில் இருந்தது. எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். மயக்கம் என்று ஜோஸ்பின் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவளும் என்னால் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவ்வளவுதான்.

பாக்கியராஜ்

~

22.4.2025

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா.

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மதர் இழுப்பறையைத் திறந்தார்கள். அதிலிருந்த உன் கடிதத்தையும் நேற்று வந்த பெரிய வெள்ளிக் கடிதத்தையும் தோட்டத்துக் குழாயடியில் நின்று படித்தேன். சாப்பாட்டு மணி அடித்தது கேட்கவில்லை.

நான் உனக்கு உபதேசம் எழுதப் போவதில்லை. எழுத எனக்கு முகமில்லை. பிறகு எழுதுகிறேன் என்றேனே, அதை எழுதுகிறேன். எனக்கு ஒன்பது வயசு. ஒரு நாள் அப்பா இல்லாத நேரத்தில் வனக்காவலர் ஒருவர் கொட்டிலுக்கு வந்துவிட்டார். நான் ஈரல் கழுவிக்கொண்டிருந்தேன். "என்ன கறி பாப்பா?" "ஆட்டுக்கறி." அவர் விவரமான ஆள். "பித்து எங்க?" என்றார். "பூனை தூக்கிட்டுப் போயிருச்சு" என்றேன், கண்ணைக்கூட இமைக்காமல். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பழனிக்குப் போனபோது எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்தார். அந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டுதான் கோயிலில் முதல் நற்கருணை வாங்கினேன். அன்றைக்கு எங்களுக்குப் பதிலாக யாரும் மாட்டவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், நல்லதனம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ரிப்பனைவிட மோசம். மார்ச் நாலாம் தேதியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "நாச்சிமுத்துவை வெளியே கொண்டு வா" என்று நேராக எழுதாமல், பித்து இருந்ததா என்று சாமர்த்தியமாகக் கேட்டேன். அவசரம் என்று மதரிடம் கேட்டிருந்தால் தவக்காலத்திலும் ஒரு கடிதத்துக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்டால் "என்ன அவசரம்?" என்பார்களே, என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டி வருமே என்று வெட்கப்பட்டேன். உன் டீக்கடை மாதிரி எனக்கு இந்த மடம். அதற்குப் பிறகும் ஏழு வாரம் ஒரு மனுஷன் உள்ளே இருந்தான். அதில் என் பங்கும் இருக்கிறது.

இன்று காலை மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பச் சொன்னது அவர்கள்தான்.

இது உன் கைக்கு வரும்போது நாச்சிமுத்து எங்கே இருப்பான்?

அக்கா

~

ஆத்தூர்
28.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே யாரும் நலமாக இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். முந்தின நாள் உங்கள் கடிதம் வந்திருந்தது. மனு எதுவும் டைப் அடிக்கச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அவர் முறை வந்தது. அவரைப் பார்த்ததுமே கூட்டத்தில் சிலர் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். மைக்கை வாங்கினார். "என்னய்யா, இன்னைக்கு என்ன கேள்வி?" என்று கலெக்டரே கேட்டார்.

"கேள்வி இல்லீங்கய்யா. நாச்சிமுத்து மேல போட்ட கேசுல மானக் கொன்னது நான். கறி குடுத்ததும் நான். ரேஞ்சர் நம்பரு என் கையில இருந்துச்சு, கூப்பிடல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரேஞ்சர் எழுந்து நின்றார். அப்பா உட்காரவும் இல்லை, ஓடவும் இல்லை. மைக்கைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நான்தான் வாங்கினேன்.

அத்தை, எனக்கு உங்கள்மேல் கோபம். உங்கள் கடிதங்களை அப்பா படிக்கக் கொடுத்தார். என் கடிதத்தை வைத்துத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பித்தில்லாத ஆடு, கொடுத்து வைத்த ஆடு என்று சிரித்து எழுதினேன். நானும் அதைத் தின்றேன். "நிரபராதி" என்று என் விரலால் டைப் அடித்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் பார்த்தாலும் இப்போது மான் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. அதுதான் பெரிய வேதனை.

பேப்பர் துண்டை அம்மா கழற்றிவிட்டாள். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

கோபம் தணிந்ததும் மறுபடி எழுதுகிறேன். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரின்

~

கிளைச் சிறை
14.5.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இனி உங்களைப் பார்க்க நான் வர முடியாது. வந்தாலும் என்ன, நீங்களும் கம்பிக்குப் பின்னால், நானும் கம்பிக்குப் பின்னால். இங்கே ஒரு கடிதம் எழுதவும் அனுமதி வாங்க வேண்டும். அது உங்களுக்குப் பழக்கம்தான்.

நாச்சிமுத்துவுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வழக்கிலிருந்து பெயரை எடுக்க இன்னும் நாளாகும் என்று வக்கீல் சொல்கிறார். சங்கத்தில் செயலாளர் பொறுப்பை மோகன்குமாரிடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன், ஆனால் மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். நடுங்கட்டும், அதுவும் நல்லதுதான்.

நேற்று நாச்சிமுத்து என்னைப் பார்க்க வந்தான். தாடி எடுத்திருந்தான். அவன் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தயார்செய்து வைத்திருந்தேன். அழுதால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்றும் ஒரு நப்பாசை, உங்களிடம் மறைப்பானேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். இங்கிருந்த அதிகாரியிடம் முன்பே காட்டி அனுமதி வாங்கியிருக்கிறான். ஐரின்தான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த எழுத்து எனக்குத் தெரியாதா!

"புதனும் சனியும் எனக்குத் தண்ணி முறைன்னு எழுதியிருக்கு. நீங்க இருந்தாலும் இல்லாட்டியும், யாரு இருந்தாலும். கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றான்.

அத்தனை வருஷமாக நான் ஒரு பெரிய மனிதனாக விட்டுக்கொண்டிருந்த தண்ணீர் அது. ஒரு நாளும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் பிப்ரவரி மாதமே என் பெயரைச் சொல்லியிருப்பான்.

கையெழுத்துப் போட்டேன். பாக்கியராஜ், சூசைமுத்து மகன் என்று முழுசாக எழுதினேன். தாளை வாங்கி, ஒரு தரம் படித்துப் பார்த்து, மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"வாரேன்" என்றான்.

அண்ணே என்று சொல்லவில்லை அக்கா.

இன்று புதன்கிழமை. இந்நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். எனக்காகச் செபிக்கும் நேரத்தில் பாதியை அவன் சம்பங்கிக்குக் கொடுங்கள். உங்கள் முழங்கால் நலமறிய ஆவல்.

தம்பி
பாக்கியராஜ்